மேலட்டூர் பாகவத மேளாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த கதை

கோடை விடுமுறையில் ஒரு தடவையாவது மேலட்டூர் பாகவத மேளாவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இரவு முழுக்கத் தெருவில் ஆடும் அந்த நாட்டிய நாடகத்தின் இசையைப் பற்றியும் அபிநயத்தைப் பற்றியும் விவரம் தெரிந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எப்படிப் போய்ச் சேருவது, வழியில் எதெல்லாம் காலை வாரும், வயதானவரையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுக்கத் தெருவில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி என்று சொல்கிறவர்கள்தான் குறைவு. நாங்கள் போனது 2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை, நரசிம்ம ஜெயந்தி அன்று. அன்றைக்குப் பட்டதையெல்லாம் வைத்து நான் சொல்வது இதுதான்: சென்னையிலிருந்து கும்பகோணம் வரைக்குமான பெரிய தூரத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், கடைசி இருபது கிலோமீட்டருக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேலட்டூர் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அச்சுதபுரம் என்ற பழைய பெயர் அதனால் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிறந்த மேலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாட்டிய நாடகங்களைத்தான் இன்றைக்கும் ஆடுகிறார்கள். பிரகலாத சரித்திரம், ஹரிச்சந்திரா, மார்க்கண்டேயா, உஷா பரிணயம் என்று பல உண்டு. நரசிம்ம ஜெயந்தி இரவில் பிரகலாத சரித்திரம். வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால் தெருவிலேயே மேடை. டிக்கெட் கிடையாது. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடிகிற நேரம் வரை போகும். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுகிறார்கள். ஆடுகிறவர்களில் பலருக்கு இது தொழில் அல்ல. வெளியூர்களில் வேலை பார்த்துக்கொண்டு, இதற்காகவே லீவு போட்டு ஊருக்கு வந்து ஒத்திகை பார்த்து ஆடுகிறார்கள். எனக்கு இந்த விஷயமே பெரிய மரியாதையை உண்டாக்கியது. மேடையில் இருப்பவரும் நம்மைப் போலவே கோடை விடுமுறைக் கூட்டத்தில் டிக்கெட் தேடி வந்தவர்தான்.

எங்கள் பயணத்துக்குக் காரணம் அப்பா. அம்மாபேட்டைப் பக்கத்தில் வளர்ந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது யாரோ தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய நரசிம்மரை மறக்கவே இல்லை. பாதித் தூக்கத்தில் பார்த்தேன், முழுசாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்வார். முழங்கால் வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் உண்டு. டாக்டர் போகலாம் என்று சொன்னபோது ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது. அப்பா, நான், ஆறாம் வகுப்பு முடித்த என் மகன், மூன்று பேர் சென்னையிலிருந்து. தங்கை குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக் காரில் வருவதாக ஏற்பாடு.

முதலில் தேதி. நரசிம்ம ஜெயந்தி வளர்பிறைச் சதுர்த்தசியில் வருவது. அதனால் ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருஷமும் மாறும். 2023இல் மே 4, 2025இல் மே 11. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்னே பின்னே போவதும் உண்டு. விழா நடத்துகிறவர்கள் அச்சிடும் அழைப்பிதழைப் பார்த்த பிறகே டிக்கெட்டில் கை வையுங்கள். விழா ஒரு நாளோடு முடிவதில்லை, தொடர்ந்து பல இரவுகள் வெவ்வேறு நாடகங்கள் நடக்கும். எந்த இரவில் எந்த நாடகம் என்பதும் அழைப்பிதழில்தான் இருக்கும்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சதுர்த்தசிக்கு மறுநாள் பௌர்ணமி. அதாவது மேலட்டூருக்கு நீங்கள் கிளம்புகிற அதே நாளில் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டமும் கிளம்பும். 2025இல் மே 12 சித்ரா பௌர்ணமி வேறு. திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கில் ஜனம், மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள், கூடவே பள்ளி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை. சென்னையை விட்டு வெளியே போகும் பாதையில் அன்றைக்கு இடமே இல்லை. நரசிம்ம ஜெயந்தி எந்த மாதத்தில் வந்தாலும் இந்தப் பௌர்ணமிக் கூட்டம் கூடவே வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கூடிய வரை ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். எங்களுக்கு அது முடியாமல் போனது, அப்பாவுக்குச் சனிக்கிழமை ஒரு ரத்தப் பரிசோதனை இருந்ததால்.

ரயிலைப் பொறுத்தவரை, எழும்பூரிலிருந்து விழுப்புரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிற வண்டிகள்தான் வசதி. சில வண்டிகள் பாபநாசத்திலும் நிற்கும். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. மே மாத டிக்கெட்டுக்கு மார்ச்சிலேயே உட்கார்ந்தால் உண்டு. அப்பா போன்றவர்களுக்கு, ஆண் என்றால் 60 வயது, பெண் என்றால் 45 வயது தாண்டியிருந்தால், கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தால் பொதுப் பிரிவு தீர்ந்த பிறகும் சில சமயம் கிடைக்கும். நாங்கள் ஏப்ரல் கடைசியில் போட்டதில் காத்திருப்புப் பட்டியல்தான் கிடைத்தது. ஆன்லைனில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாகவே ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. முந்தின நாள் தட்கலில் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புக்கு 11 மணிக்கும் முயன்றோம், கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு தனியார் பேருந்தில் ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கிளம்பும் ஏசி வண்டியில் மூன்று இருக்கை. நாலரை மணிக்கெல்லாம் கும்பகோணம், ஒரு அறை எடுத்துக் குளித்து, சாப்பிட்டு, பொழுது சாயும்போது மேலட்டூர் என்பது எங்கள் கணக்கு.

பேருந்து கிளாம்பாக்கத்திலிருந்து. தென்மாவட்ட வண்டிகள் 2024 தொடக்கத்திலிருந்து அங்கேயிருந்துதான் புறப்படுகின்றன. எங்கள் வண்டிக்கு வந்த ஒரு பெரியவர் பழைய நினைப்பில் கோயம்பேடு போய்விட்டு, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். டிக்கெட்டில் ஏறும் இடம் என்று போட்டிருக்கும் வரியை வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.

செங்கல்பட்டைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. திண்டிவனத்தில் கிரிவல வண்டிகள் செஞ்சிப் பக்கம் பிரிந்த பிறகுதான் சாலை மூச்சு விட்டது. அப்போதே மணி ஒன்று. விக்கிரவாண்டியில் திரும்பிப் பண்ருட்டியை நெருங்கும்போது ஏசி நின்றது, கொஞ்ச நேரத்தில் வண்டியும் நின்றது. அக்னி நட்சத்திரத்து மத்தியானம். ஏசி வண்டியில் ஜன்னல் திறக்காது. எல்லோரும் கீழே இறங்கி ஒரு புளியமர நிழலில் நின்றோம். மாற்று வண்டி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பண்ருட்டியில் பலாப்பழக் காலம். எதிர்ப்புறத்தில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, அப்பாவைப் பார்த்துவிட்டுத் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். "உக்காருங்கய்யா, வண்டி வரப்ப வரட்டும்" என்றார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. பழம் வாங்கிக்கொண்டோம், அப்பாவுக்கு ஒரு சுளைக்கு மேல் அனுமதி இல்லை.

இப்படி நடுவழியில் நிற்க நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். நடத்துநரின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்று வண்டி என்று ஒன்று வந்ததும் அதன் பதிவு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் பை இந்த வண்டியின் வயிற்றிலிருந்து அந்த வண்டியின் வயிற்றுக்குப் போவதை ஒருவர் அங்கேயே நின்று கண்ணால் பார்க்க வேண்டும். நாங்கள் நின்றோம். ஆனால் பின்பக்கம் இருந்த பைகளைப் பணியாளர் மாற்றிக்கொண்டிருந்தபோது எங்களை ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். நாங்கள் எண்ணிக்கொடுத்த மூன்று பைகளில் ஒன்று பழுதான வண்டியிலேயே தங்கிவிட்டது. அது அப்பாவின் பை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் அதற்குள் இருந்தன. கைப்பையில் இருந்தது காலையும் மத்தியானமும் போட வேண்டியது மட்டும்.

வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம் வந்து சேர்ந்தபோது மணி எட்டு தாண்டிவிட்டது. அறை, குளியல் எல்லாம் போயிற்று. முதல் வேலை மருந்துக் கடை. மருந்துச் சீட்டின் படம் என் போனில் இருந்ததால் பத்து நிமிஷத்தில் முடிந்தது. பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்த்து, இரண்டு நாளுக்கு மட்டும் வெட்டிக் கொடுத்தார் கடைக்காரர். பெயர் தெரியாமல் "வெள்ளையா ஒரு மாத்திரை" என்று சொல்லிக்கொண்டு நின்றிருந்தால் அன்றைய இரவே வேறு மாதிரி ஆகியிருக்கும். வயதானவர்களோடு கிளம்பும்போது மருந்துச் சீட்டின் படம் குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது இருக்க வேண்டும். பயணம் ஒரு நாள் நீண்டாலும் தாங்கும் அளவுக்கு எல்லா மாத்திரையும் கைப்பையில் இருக்க வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பேருந்து நிலையம் பக்கத்திலேயே இட்லி சாப்பிட்டோம். அப்போதுதான் தங்கையிடம் நிதானமாகப் பேச முடிந்தது. அவர்கள் கதை எங்களுடையதைவிடப் பெரியதாக இருந்தது. மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணிக்குக் கோவையிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். ஓட்டுநர் தம்பி வரைபடத்தில் மேலட்டூர் என்று போட்டிருக்கிறார். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்திலும் ஒரு மேலாற்றூர் உண்டு. ஷொரணூர் – நிலம்பூர் ரயில் பாதையில் வருகிற ஊர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. கோவைக்குப் பக்கம் அதுதான் என்பதால் வரைபடம் அதையே முதலில் காட்டியது. ஏறியதும் பிள்ளைகளோடு எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டி நின்று மலையாளப் பலகையைப் பார்த்ததும் தங்கை விழித்துக்கொண்டாள். திரும்பிக் கோவை வந்து, பல்லடம், கரூர், திருச்சி என்று அந்தப் பாதையைப் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். நான் பேசியபோது கரூரைத் தாண்டியிருந்தார்கள்.

ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். தஞ்சாவூர், அங்கிருந்து திட்டை வழியாக மேலட்டூர் என்று நடுவில் வருகிற ஊர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் கிழக்கே போக வேண்டிய வண்டி மேற்கே திரும்பாது. கோயிலின் பெயரைப் போட்டு இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. பாகவத மேளா என்று பொதுவாகத் தேடினாலும் சிக்கல் உண்டு. சாலியமங்கலத்திலும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. அதுவும் நல்ல மரபு, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது தஞ்சாவூர் – திருவாரூர் பாதையில் இருக்கும் வேறு ஊர்.

இப்போது அந்தக் கடைசி இருபது கிலோமீட்டர். கும்பகோணத்திலிருந்து பாபநாசம் வருவது சுலபம். தஞ்சாவூர் போகும் பேருந்துகள் அடிக்கடி உண்டு. நாங்கள் பாபநாசத்தில் இறங்கியபோது ஒன்பதே காலைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து திருக்கருகாவூர் வழியாக மேலட்டூர் போகும் டவுன் பஸ் அன்றைக்கு முடிந்துவிட்டது. சென்னையிலிருந்து கும்பகோணம் வருவதற்கு அர்த்த ராத்திரியிலும் வண்டி கிடைக்கும், தவறினால் அடுத்தது உண்டு. பாபநாசத்திலிருந்து மேலட்டூருக்கு இரவில் அடுத்தது என்று ஒன்று கிடையாது. நாங்கள் இதைப் பொழுது சாய்வதற்குள் கடந்துவிடலாம் என்று நம்பிக் கிளம்பினோம். முன்னூறு கிலோமீட்டரில் நடந்த தாமதம் அத்தனையும் இந்தச் சின்னத் துண்டில் வந்து விழுந்தது.

கடைத்தெருவில் ஓர் ஆட்டோ நின்றது. கேட்டோம். "பாகவத மேளாவுக்கா? பெரியவரை முதல்ல ஏத்துங்கக்கா" என்றார் அந்தத் தம்பி. வாடகையை முன்னாலேயே பேசிக்கொண்டோம், அதிகம் கேட்கவில்லை. திருக்கருகாவூரைத் தாண்டியதும் ஒரு சின்னப் பாலத்தில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். பாலத்தில் வேலை நடக்கிறதாம். அப்பா உடனே சொன்னார்: "மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடி முடிக்கணும்ல, இப்பதான் தோண்டுவான்."

டெல்டாவுக்குப் புதியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்கும். தூர்வாருவது, மதகு பழுது பார்ப்பது, வாய்க்கால் பாலம் கட்டுவது எல்லாமே அந்த இடைவெளிக்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பக்கம் உள்சாலைகள் எங்கே வேண்டுமானாலும் அடைபட்டிருக்கும். வரைபடத்தில் அது தெரியாது. பகலில் வந்தால் யாரையாவது கேட்டுச் சுற்றிக்கொள்ளலாம். இரவில் உள்ளூர் ஆள் ஓட்டினால்தான் உண்டு. அந்தத் தம்பி யோசிக்கவே இல்லை, ஒரு வாய்க்கால் கரையில் இறக்கி, இரண்டு தெரு புகுந்து, வேறொரு பாலத்தில் ஏற்றினார். குலுக்கலில் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தார், ஆனால் முகத்தில் கவலை இல்லை. பையனுக்கு ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தார்.

நாங்கள் தெருமுனையில் இறங்கியபோது மணி பத்தரை. ஆட்டோத் தம்பியின் எண்ணை வாங்கிக்கொண்டு, விடியற்காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். இது அன்றைக்கு எடுத்த நல்ல முடிவு.

தொடக்கத்தில் வரும் கோமாளியான கோணங்கி வந்து போயிருந்தார். தொடக்க வாழ்த்துப் பாட்டான தோடய மங்களம் முடிந்திருந்தது. யானைமுகம் வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் பிள்ளையாராக வந்து ஆடும் பகுதியும் முடிந்துவிட்டது. பையன்கள் ரொம்ப ரசிக்கிற இடம் அது, என் மகனுக்கு அது கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இரவு முழுக்க நடக்கும் நாடகத்தில் ஒரு நன்மை, தாமதமாக வருகிறவரை அது கைவிடுவதில்லை. எங்களுக்கு இரணியனின் பிரவேசம் முழுதாகக் கிடைத்தது. திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரணியனின் மனைவி லீலாவதியாக வந்தவர் ஆண் என்று நான் மகனுக்குச் சொல்லியும் அவன் நம்பவில்லை.

முன்னேரத்தில் வந்துவிட்டு ஒரு மணிக்கு எழுந்து போகிறவர்களுக்குத்தான் இழப்பு அதிகம். நாடகத்தின் உச்சம் விடியும் பொழுதை ஒட்டி வருவது. இரணியனுக்கும் நரசிம்மருக்கும் நடுவே நடக்கும் வாதம், அந்த நேரத்து மேளம், கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்பது, இதற்கெல்லாம்தான் அத்தனை தூரம் வருகிறோம். நரசிம்மரின் முகமூடி நாடகச் சாமான் இல்லை, பூஜையில் இருப்பது. அதை அணிகிறவர் விரதம் இருந்து அணிகிறார். ஆவேசத்தில் அவர் முன்னால் பாய்வதும், கூட இருப்பவர்கள் பிடித்துக்கொள்வதும் நடிப்பு என்ற எல்லையைத் தாண்டியது. அப்பா கையைக் கூப்பியவர் இறக்கவே இல்லை. ஆகவே, திரும்பும் வண்டியை விடியலுக்கு முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள். "ரெண்டு மணிக்குக் கிளம்பினா அஞ்சு மணி ரயிலைப் பிடிக்கலாம்" என்று எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் எழுந்து போனதை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அத்தனை பாடுபட்டு வந்து, வர வேண்டியது வருவதற்கு முன்னால் போய்விட்டார்கள்.

தங்கை குடும்பம் வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அவர்கள் தஞ்சாவூரிலிருந்து திட்டை வழியாக வந்ததால் பாலத்து அடைப்பு அவர்களைத் தொடவில்லை. சொந்த வண்டியில் இரவில் வருகிறவர்களுக்கு அந்த வழியைத்தான் சொல்வேன்.

உட்காரும் விஷயம். பாய் கொண்டுபோங்கள். முட்டி வலி இருப்பவர்களுக்கு மடிக்கிற நாற்காலி ஒன்று. அப்பாவுக்கு விழா வேலையாக நின்ற ஒருவர் பக்கவாட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். கேட்டால் செய்கிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். கழிப்பறை எங்கே என்று போனவுடன் விசாரித்துவிடுங்கள், நள்ளிரவில் தேடுவது கஷ்டம். எங்களுக்கு ஒரு வீட்டுக்காரர் பின்கட்டைத் திறந்துவிட்டார். கொசுவுக்குத் தடவும் மருந்து, தண்ணீர், பிஸ்கட், சர்க்கரை குறைந்தால் வாயில் போட ஏதாவது இனிப்பு, பவர் பேங்க், சில்லறையாகப் பணம். மே மாதம்தானே என்று போர்வையை விட்டுவிடாதீர்கள், மூன்று மணிக்கு மேல் ஆற்றுப்படுகைக் காற்று வயதானவர்களுக்கு ஆகாது. படம் எடுக்கிறவர்கள் பிளாஷை அணைத்துவிட வேண்டும்.

பாட்டும் வசனமும் தெலுங்கு. பிரகலாதன் கதை தெரியாதவர் இல்லை, இருந்தாலும் காட்சி வரிசையை வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் தெலுங்கு தடையாக இருக்காது. எங்களுக்குப் புளியமரத்தடி இரண்டு மணி நேரம் அதற்குத்தான் பயன்பட்டது. பிரகலாதனை யானை மிதிக்க வருவதையும் பாம்பைவிட்டுக் கடிக்க வைப்பதையும் அப்பா அங்கே வைத்தே சொல்லி முடித்திருந்தார். மகன் இரண்டு மணிக்குத் தூங்கினான், நரசிம்மர் வரும் நேரத்துக்கு எழுப்பினோம். பிள்ளைகளை மத்தியானம் ஒரு தூக்கம் போட வைத்துக் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது திரும்பும் பயணத்தைப் பற்றி. விடிந்ததும் எல்லோருக்கும் ஒரு உற்சாகம் இருக்கும், இப்படியே ஊருக்கு ஓட்டிவிடலாம் என்று தோன்றும். தங்கை வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் ஓட்டுநர் தம்பி முந்தின நாள் மத்தியானம் வண்டியில் உட்கார்ந்தவர். இரவில் காரிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "மாப்பிள்ளை, அந்தப் புள்ள தூங்கி எழுந்த பிறகுதான் வண்டி." தஞ்சாவூரில் இரண்டு அறை எடுத்தோம், ஓட்டுநருக்குத் தனியாக ஒரு கட்டில். சில லாட்ஜ்களில் எப்போது நுழைந்தாலும் 24 மணி நேரக் கணக்கு, சிலவற்றில் நண்பகலோடு காலி செய்ய வேண்டும். விடியற்காலையில் நுழைகிறவர்களுக்கு முதல் வகைதான் சரி, போனில் கேட்டுவிட்டுப் போங்கள். இரவு முழுக்க விழித்துவிட்டுக் காலையில் இரு சக்கர வண்டியில் கிளம்புகிறவர்களையும் அங்கே பார்த்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எங்கள் ஆட்டோ ஆறு மணிக்குச் சொன்னபடி வந்து நின்றது. தங்கை குடும்பத்தின் காரில் எல்லோருக்கும் இடம் இல்லை, முதல் பேருந்தில் ஏற அவ்வளவு கூட்டம். அப்பாவையும் என்னையும் மகனையும் தஞ்சாவூர் வரை அந்தத் தம்பியே கொண்டுவந்து விட்டார்.

தொலைந்த பை பிறகு வந்து சேர்ந்தது. டிக்கெட், இரண்டு வண்டிகளின் எண், பையின் படம், நேரம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்பினேன். போனில் பேசியபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை, எழுதிய பிறகு ஒருவர் பொறுப்பாகத் தேடினார். கட்டணத்தில் ஒரு பகுதியையும் திருப்பிக் கொடுத்தார்கள். ரயிலில் போகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான விதி இருக்கிறது. வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணம் செய்யாமல் விட்டால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த வண்டி உண்மையில் கிளம்புவதற்கு முன்னால் அதற்கான கோரிக்கையைப் பதிவு செய்துவிட வேண்டும்.

அடுத்த தடவை ஹரிச்சந்திரா பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. அது இரண்டு பாகம், இரண்டு இரவு. அதற்கு ஒரு நாள் முன்னதாகவே போய்த் தஞ்சாவூரில் தங்கி, பகலில் தூங்கி, மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே மேலட்டூர் போய்விடுவது என்று பேசியிருக்கிறோம். பாபநாசத்து ஆட்டோத் தம்பியிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று. தேதி தெரிந்ததும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.